கப்பா, ஆகரா, கைத்தராசா: மசாலாப் பொடிக்கு எதில் எடை நிற்கிறது?

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் வீட்டை ஒட்டிய சின்ன யூனிட்டில் மசாலாப் பொடி அரைத்து, மலையேற்றிக் குமுளிக்கும் கட்டப்பனைக்கும் நெடுங்கண்டத்துக்கும் அனுப்புகிறவர்கள் உண்டு. அரைப்பது கைவந்த வேலை. சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. நூறு கிராம் என்று அச்சடித்த கவருக்குள் ஒவ்வொரு முறையும் நூறு கிராம் விழ வேண்டும். இதற்கு எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுகிற வழிகள் மூன்று: கரண்டியால் அள்ளித் தராசில் வைத்துக் கட்டுவது, கப்பால் அளந்து கொட்டும் கப் ஃபில்லர், திருகால் தள்ளி நிரப்பும் ஆகர் ஃபில்லர். நாங்கள் கையில் தொடங்கி, தெரிந்தவர் யூனிட்டில் கப் மெஷினை ஓட்டிப் பார்த்து, கடைசியில் சர்வோ மோட்டார் (சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்கும் மோட்டார்) வைத்த ஆகரை வாங்கினோம். மிளகாய், மல்லி, மஞ்சள் மாதிரி நைஸ் பொடிகளுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

எடை எவ்வளவு பிசகலாம் என்பதை 2011-ஆம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதிகள் சொல்கின்றன. 50 கிராம் வரை 9 சதவீதம். அதற்கு மேல் 100 கிராம் வரை 4.5 கிராம். அதற்கும் மேல் 200 கிராம் வரை 4.5 சதவீதம். தாராளமாகத்தான் தெரியும். ஆனால் பாக்கெட்டுக்கு நாலு கிராம் குறைத்துப் போடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சோதனைக்கு எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்குப் பயந்து கூடுதலாகப் போட்டால் நஷ்டம் நமக்கு. பாக்கெட்டுக்கு இரண்டு கிராம் கூடினால் ஆயிரம் பாக்கெட்டுக்கு இரண்டு கிலோ. மிளகாய்ப் பொடி கிலோ 300 ரூபாய் என்று வைத்தால், அறுநூறு ரூபாய் சத்தமில்லாமல் வெளியே போகிறது. ஆக, கேள்வி சராசரியைப் பற்றியது மட்டுமல்ல, அந்தச் சராசரியைச் சுற்றி எடை எவ்வளவு சிதறுகிறது என்பதும்தான். சிதறல் குறைந்தால் நூறுக்கு மிக அருகில் தைரியமாக நிற்கலாம்.

கைத்தராசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துல்லியத்தில் அதை அடிக்க எதுவும் இல்லை, ஏனென்றால் மூன்றில் நேராக எடையையே அளப்பது அது ஒன்றுதான். மெதுவான வேலை, மதியத்துக்கு மேல் கை சோர்ந்துவிடும், அவ்வளவுதான் குறை. நாளைக்குச் சில நூறு பாக்கெட் போடுகிறவர்கள் மெஷினுக்குப் பணம் போடவே வேண்டாம். நல்ல தராசுக்குப் போடுங்கள்.

கப் ஃபில்லரில் சுழலும் தட்டில் நாலு அல்லது ஆறு கப்புகள் இருக்கும். பொடி அவற்றில் விழும், பிரஷ் மேலே வழித்துவிடும், கப் அடியில் திறந்து கவருக்குள் கொட்டும். விலை குறைவு, வேகம் அதிகம், ரிப்பேருக்கு உள்ளூர் ஆளே போதும். முழு மிளகு, சீரகம், கடுகு, குருணைத் தேயிலை இவற்றுக்கு நான் கப்பைத்தான் வாங்கச் சொல்வேன். தானாக உருண்டு விழும் பொருளுக்கு அது பொருத்தமான மெஷின்.

நைஸ் பொடியில்தான் தகராறு. மஞ்சள் பொடி கப்பின் உள்சுவரில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது ஒட்டினபடி நின்றாலாவது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அது கொஞ்ச நேரம் சேர்ந்து, திடீரென்று ஒரு கவரில் மொத்தமாக உதிரும். மல்லிப் பொடி நாரும் உமியுமாக இருப்பதால் கப் வாயிலேயே குவிந்து நின்றுவிடும், உள்ளே காலி. பிரஷ் தேய்ந்தால் வழிப்பது சரியாக நடக்காமல் எடை ஏறும். இன்னொன்று, ஆறு கப்பின் உயரத்தையும் ஒரே திருகில்தான் கூட்டிக் குறைக்க முடியும். ஒரு கப் மட்டும் சற்றே மாறுபட்டிருந்தால் அதை மட்டும் திருத்த முடியாது. கப் மெஷினைச் சோதிக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாக்கெட் எடுக்காமல், தட்டு இரண்டு சுற்று சுற்றுகிறவரை வரிசையாக எடுத்து நிறுங்கள். எந்தக் கப் தப்பு செய்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

ஆகர் என்பது கூம்பு ஹாப்பருக்குள், அதாவது பொடி கொட்டி வைக்கும் தொட்டிக்குள், நிற்கும் ஒரு திருகு. மோட்டார் அதை இத்தனை சுற்று சுற்றி நிறுத்தும், அத்தனை பொடி கீழே தள்ளப்படும். பொடி தானாக விழுவதற்குக் காத்திருக்காமல் தள்ளி இறக்குவதால், ஒட்டும் பொடியும் நகர்கிறது. கூடவே சுற்றும் கலக்கி, ஹாப்பர் ஓரத்தில் பொடி வளைந்து நின்றுவிடாமல் உடைத்துவிடும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, கிளட்ச்–பிரேக் வைத்ததா, சர்வோவா என்பது. கிளட்ச் மெஷின் விலை குறைவு. ஆனால் பிரேக் கட்டை தேயத் தேய, நிறுத்தச் சொன்ன இடத்தைத் தாண்டி திருகு இழுத்துக்கொண்டு போகும், எடையும் மெல்ல மெல்ல மேலே ஏறும். சர்வோவில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, திருகின் பருமன். பெரிய திருகு ஒரு சுற்றிலேயே ஐம்பது கிராம் தள்ளிவிடும், வேகமாக இருக்கும். ஆனால் நிற்கும் இடம் சுற்றில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் ஐந்து கிராம் போச்சு. அதே ஐம்பது கிராமைச் சின்னத் திருகு ஐந்து சுற்றில் தள்ளினால், அதே பிசகுக்கு ஒரு கிராம்தான் மாறும். ஒரே திருகை வைத்து 50 கிராமும் போடலாம், 500 கிராமும் போடலாம் என்று விற்பவர் சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள். இரண்டு அளவில் திருகு கேட்டு வாங்குங்கள்.

நான் ஆகர் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் இந்த ஊர்க் காற்று. கப்பும் சரி, ஆகரும் சரி, இரண்டுமே கன அளவைத்தான் அளக்கின்றன, எடையை அல்ல. ஒரே இடத்தை அடைக்கும் பொடி இன்றைக்கு நூறு கிராம், நாளைக்குத் தொண்ணூற்றாறு கிராம் என்று மாறலாம். மில்லிலிருந்து சூடாக வந்த பொடிக்குள் காற்று நிறைய இருக்கும், பொங்கிப் போய் லேசாக விழும். இரவு முழுக்க ஆறவிட்டால் அமர்ந்து கனமாகும். சல்லடைக் கண் மாறினாலும் மாறும். ஆனி, ஆடியில் மேற்கே மலையில் மழை பிடித்து இங்கே சாரலும் காற்றும் வரும்போது, திறந்து வைத்த பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்ட பொடி கட்டியாக ஒட்டும், இடையிடையே வெற்றிடம் விடும். சித்திரையில் சரியாக வைத்த அளவு ஆடியில் நிற்காது. கப்பில் இந்த மாற்றம் அப்படியே எடையில் வந்து விழுந்தது. ஆகரிலும் வரத்தான் செய்கிறது, ஆனால் கலக்கியும் திருகும் ஓரளவு ஒரே மாதிரி அமுக்கிக் கொடுப்பதால் சிதறல் குறைவு. மாற்றம் பெரும்பாலும் சராசரியில் மட்டும் தெரிகிறது. அதைச் சுற்றின் எண்ணிக்கையைத் துளி கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிடலாம்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஹாப்பரில் பொடியின் மட்டம் மாறக் கூடாது. விளிம்பு வரை நிரப்பினால் மேலே உள்ள பாரம் கீழே உள்ள பொடியை அமுக்கும், ஒரு சுற்றுக்கு அதிகம் இறங்கும். மட்டம் இறங்க இறங்க எடையும் இறங்கும். மூட்டையை ஒரே மூச்சில் கவிழ்த்து, தீர்ந்த பிறகு அடுத்த மூட்டையைக் கவிழ்ப்பதுதான் பல யூனிட்டுகளில் வழக்கம். அந்த வழக்கம் இருக்கிறவரை எந்த மெஷினிலும் எடை ஒரே மாதிரி நிற்காது. பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் என்று ஹாப்பரில் ஒரு கோடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மட்டம் பார்க்கும் சென்சார் வைத்து வாங்கினால் இன்னும் நல்லது.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவர்கள், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்வதுண்டு. அவர்கள் பயன்படுத்தும் மருந்து அளக்கும் கருவியும் கன அளவில்தான் அளக்கிறது. அவர்களுக்கும் இதே மட்டப் பிரச்சினை இருப்பதால், மேலே உள்ள பாரம் கீழே அழுத்தாமல் தாங்க ஹாப்பருக்குள் ஒரு தகடு வைக்கிறார்கள். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் இழுக்கிறார்கள். மிகத் துல்லியம் வேண்டும் என்றால் கருவியில் கொஞ்சம் குறைவாக விட்டு, மீதியைத் தராசில் வைத்துத் துளித்துளியாகச் சேர்க்கிறார்கள். மிளகுப் பொடி, ஏலக்காய்ப் பொடி மாதிரி விலை கூடிய சரக்குக்கு நாங்களும் அதையேதான் செய்கிறோம். ஆகரில் இரண்டு கிராம் குறைவாக வைத்து, தராசில் கரண்டியால் நிரவி, அப்புறம் சீல் போடுகிறோம். வேகம் பாதியாகிவிடும், ஆனால் அந்தச் சரக்குக்கு அது கட்டுப்படியாகும்.

மெஷின் ஓட்டுகிற பிள்ளைகளிடம் நான் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. ஒரு பாக்கெட் 98 காட்டினால் உடனே அளவைக் கூட்டக் கூடாது, அடுத்தது 102 காட்டினால் உடனே குறைக்கவும் கூடாது. அப்படித் துரத்தினால் சிதறல் இன்னும் கூடும். ஓட்டத் தொடங்கியதும் முதலில் விழும் சில பாக்கெட்டைத் திரும்ப ஹாப்பரிலேயே கொட்டிவிட்டு, அடுத்து வரிசையாகப் பத்தை நிறுக்க வேண்டும். பத்தும் நெருக்கமாக இருந்து, மொத்தமாக மேலேயோ கீழேயோ போயிருந்தால் அளவைத் திருத்தலாம். பத்தும் சிதறிக் கிடந்தால் அளவில் கைவைக்க வேண்டாம். ஹாப்பர் மட்டம், ஈரம், திருகில் ஒட்டிய பொடி, கலக்கி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்குச் சரியான தராசு வேண்டும். கடையில் அரிசி நிறுக்கும், ஐந்து கிராம் படியில் காட்டும் தராசை வைத்துக்கொண்டு நூறு கிராம் பாக்கெட்டைச் சோதிக்க முடியாது. 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வாங்கி, வருடா வருடம் முத்திரை போட்டு வையுங்கள். காலியான கவரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு நிறுங்கள். கவர் ரோல் மாறினால் மறுபடி பாருங்கள், எல்லா ரோலும் ஒரே கனத்தில் வருவதில்லை. தட்டில் ஃபேன் காற்று படக் கூடாது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றுக்கு ஜன்னலையும் சாத்த வேண்டும்.

ஆகரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மிளகாயிலிருந்து மஞ்சளுக்கு மாற வேண்டுமானால் திருகு, கலக்கி, கூம்பு எல்லாவற்றையும் கழற்றித் துடைக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் முழுக்கக் காயும்வரை மாட்டக் கூடாது. கப் மெஷினில் இது சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு பொடி என்று வைத்துக்கொண்டோம். வெளிர் நிறத்தில் தொடங்கி மிளகாயில் முடிப்போம். சர்வோ டிரைவ் பழுதானால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும், அதுவரை கைத்தராசுதான். விலையும் கப்பை விட நன்றாகவே கூடுதல்.

ஆகரோடு லோட் செல் (எடையை உணரும் கருவி) சேர்த்து, பொடி விழ விழ எடை பார்த்து, சரியானதும் நின்றுவிடும் மெஷின்களும் வந்திருக்கின்றன. கன அளவுத் தொல்லைக்கு அது நேரான மருந்து. ஆனால் நான் அதை ஒரு யூனிட்டில் ஓடிப் பார்த்ததோடு சரி, மழைக்காலத்தில் எப்படி நிற்கும் என்று என் வாயால் சொல்ல முடியாது. நாளைக்குப் பல ஆயிரம் பாக்கெட் போடுகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் விற்பவர் காட்டும் சோள மாவிலோ உப்பிலோ டெமோ பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் அரைத்த மல்லிப் பொடியும் மஞ்சள் பொடியும் பத்து பத்து கிலோ எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் சாரல் மாதத்தில் போங்கள். உங்கள் தராசையும் கையோடு கொண்டு போய், ஹாப்பர் நிறைந்திருக்கும்போது பத்து, கால்வாசிக்கு இறங்கும்போது பத்து நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பத்துக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.