லார்ட்ஸ்டவுன் க்ரூஸ்: பழைய வண்டியாக வாங்கலாமா?

அமெரிக்காவில் குறைந்த விலையில் நம்பிக்கையான பழைய கார் தேடுபவர்களின் கண்ணில் செவர்லே க்ரூஸ் அடிக்கடி படும். அதே வயதுடைய ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலாவைவிட விலை குறைவு, ஆனால் "அதைச் செய்த லார்ட்ஸ்டவுன் ஃபேக்டரியையே மூடிவிட்டார்களே, அதைப் போய் வாங்குவதா?" என்ற தயக்கமும் கூடவே வருகிறது. நான் ஓட்டுவது 2018 மாடல் செடான். ஃபேக்டரியை மூடியதற்கும் வண்டியின் தரத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதே என் முடிவு. மூடியதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்த ஆண்டு மாடலை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதும் ஓரளவு தெளிவாகும்.

முதலில் ஓட்டத்தைப் பற்றி. 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், 153 குதிரைத்திறன். இந்த அளவு காருக்கு அது தாராளம். நெடுஞ்சாலையில் கேலனுக்கு 40 மைலை ஒட்டிக் கிடைக்கிறது. எழுபது மைல் வேகத்திலும் முன்னிருக்கையில் இருப்பவருடன் குரலை உயர்த்தாமல் பேசலாம். கதவை மூடும்போது எழும் சத்தம் கனமாக, ஒரே சீராக இருக்கிறது; நான்கு கதவுகளின் இடைவெளியும் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் ஓடுகிறது. 2016இல் முதல் தலைமுறையை மாற்றி வந்த இந்த இரண்டாம் தலைமுறையில் எனக்குப் பிடிக்காதது, சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து மீண்டும் உயிர்பெறும் ஏற்பாடு. என் 2018 வண்டியில் அதை நிறுத்தி வைக்கப் பொத்தானே இல்லை. பின்னிருக்கை இரண்டு பெரியவர்களுக்குப் போதும். மூன்றாமவர் உட்கார்ந்தால் சண்டை வரும்.

இந்த வண்டியைச் செய்தவர்கள் ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலைத் தொழிலாளர்கள். டர்ன்பைக் எனப்படும் சுங்கச் சாலையில் போகும் எவரும் ஓரத்தில் நீண்டு கிடக்கும் அந்தக் கட்டடத்தைக் கவனிக்காமல் கடக்க முடியாது. 1966இல் திறக்கப்பட்ட ஆலை அது. 1972இல் அசெம்பிளி லைனின் வேகத்தை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தால் நாடறிந்த பெயர் பெற்றது. பின்னர் அங்கே உருவான கோபால்ட் காரின் இக்னிஷன் சுவிட்ச் கோளாறு 2014இல் பெரும் சர்ச்சையாக வெடித்தது. ஆனால் அது வடிவமைப்புப் பிரிவில் நடந்த தவறே தவிர, லைனில் நின்று சுவிட்சைப் பொருத்தியவர்களின் தவறு அல்ல. 2010இல் க்ரூஸ் தொடங்கியபோது ஆலை மூன்று ஷிஃப்டும் ஓடியது. சுமார் 4,500 பேர் வேலை செய்தார்கள்.

அப்படியானால் ஏன் மூடினார்கள்? பெட்ரோல் விலை இறங்கியதும் அமெரிக்கர்கள் சிறிய செடானை விட்டு எஸ்யூவி பக்கம் போனார்கள். 2014இல் சுமார் 2,73,000 விற்ற க்ரூஸ், 2018இல் 1,42,000 அளவுக்குச் சுருங்கியது. ஒரே ஒரு மாடலை மட்டும் செய்யும் ஆலைக்கு அது விழுந்தால் வேறு பிடிமானம் கிடையாது. 2017 ஜனவரியில் மூன்றாம் ஷிஃப்ட் போனது. 2018 ஜூனில் இரண்டாம் ஷிஃப்டும் போனது. அதே ஜூன் மாதத்தில்தான் புதிய பிளேசர் எஸ்யூவியை மெக்சிகோவில் செய்யப்போவதாக செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. சந்தை மாறிவிட்டது என்ற விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் சந்தை கேட்ட வண்டியை இந்த ஆலைக்குத் தராமல் விட்டது நிர்வாகத்தின் தேர்வு. 2018 நவம்பர் 26 அன்று, வட அமெரிக்காவில் ஐந்து ஆலைகளுக்கு வேலை ஒதுக்கப்போவதில்லை என்ற அறிவிப்பு வந்தது. லார்ட்ஸ்டவுனின் கடைசி க்ரூஸ் 2019 மார்ச் 6 அன்று லைனைவிட்டு இறங்கியது. எஞ்சியிருந்த சுமார் 1,600 பேரில் பலர் டென்னஸி, இண்டியானா, கென்டக்கி என்று மற்ற ஆலைகளுக்கு இடம் மாறினார்கள். ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்தை இழக்காமலிருக்க வீட்டையும் பிள்ளைகளையும் ஒஹாயோவிலேயே விட்டுப் போனவர்களும் உண்டு. இருக்கையும் உதிரிகளும் செய்து தந்த சுற்றுப்புற நிறுவனங்களிலும் வேலைகள் கரைந்தன. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் 40 நாள் நீடித்த தொழிற்சங்க வேலைநிறுத்தத்தாலும் ஆலையை மீட்க முடியவில்லை. பிறகு அதை வாங்கி மின்சார பிக்கப் செய்ய வந்த லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் 2023இல் திவாலானது.

வாங்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடையாள எண்ணை (VIN). ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ்மூலையில் தெரியும் பதினேழு எழுத்துகளில், முதலாவது 1 ஆகவும் பதினொன்றாவது 7 ஆகவும் இருந்தால் அது லார்ட்ஸ்டவுன் வண்டி. 3 என்று தொடங்கினால் மெக்சிகோவில் செய்தது. ஹேட்ச்பேக் எல்லாம் அங்கிருந்து வந்தவையே. இதை வைத்துத் தரத்தில் ஏற்றத்தாழ்வு சொல்ல மாட்டேன். யார் கைபட்ட வண்டி என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு மட்டும் இது பயன்படும்.

2011 முதல் 2014 வரையிலான மாடல்களை எச்சரிக்கையாக அணுகவும். வாட்டர் பம்ப்பில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவது இவற்றின் ஊரறிந்த குறை. நிறுவனமே அதற்கு உத்தரவாதத்தை நீட்டித்தது, ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஹீட்டரைப் போட்டதும் கூலன்டின் இனிப்பான வாடை வந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை உறிஞ்ச வால்வு மூடிக்குள் இருக்கும் பிசிவி அமைப்பு பழுதாவதும் அந்தத் தலைமுறையில் சாதாரணம். இரண்டாம் தலைமுறையிலும் பிஸ்டன் விரிசல் பற்றிய புகார்கள் உண்டு. ஆகவே ஜெனரல் மோட்டார்ஸின் டெக்சோஸ்1 ஜென்2 அல்லது அதற்குப் பின் வந்த டெக்சோஸ்1 தர எஞ்சின் எண்ணெயை மட்டும் ஊற்றியதற்கான சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரசீது இல்லை என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

உதிரிபாகங்கள் கிடைக்குமா என்ற கவலை தேவையற்றது. முதல் தலைமுறையின் 1.4 எஞ்சின் சோனிக், ட்ராக்ஸ் கார்களிலும், இரண்டாம் தலைமுறையின் எஞ்சின் பியூக் என்கோரிலும் இருப்பதால் சாதாரண மெக்கானிக்கிடமே வேலை முடிகிறது. சர்வீஸ் ரசீதுகள் முழுமையாக உள்ள 2018 அல்லது 2019 செடான் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். 2019 மாடல் குறுகிய காலமே தயாரானதால் அதற்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.