மின்சார ஸ்கூட்டரில் அலுவலகம்: வண்டி வாங்கும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய்த் திரும்ப ஏறத்தாழ 35 கி.மீ. வேலை எழும்பூர், பார்க் ஸ்டேஷன் பக்கம் என்றால் மின்சார ரயிலை மிஞ்ச எதுவும் இல்லை. அதற்காக ஸ்கூட்டர் வாங்க வேண்டாம். சோழிங்கநல்லூர் போல் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள் உதவும்.

வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கிலோமீட்டர் போகும்?" 3 கிலோவாட்-ஹவர் (மின் பில் கணக்கில் 3 யூனிட்) பேட்டரி உள்ள வண்டி, நகர ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 35 வாட்-ஹவர் அளவு எடுக்கும். 35 கி.மீ.க்கு 1.2 கிலோவாட்-ஹவர், அதாவது பேட்டரியில் 40 சதவீதம். விளம்பரத்தில் போட்ட தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கையில் கிடைக்கும் என்றாலும் தினசரி வேலைக்கு அது தாராளம். 45 கி.மீ. வேகத்தில் போகிறவர் 65-க்கு ஏற்றினால் சார்ஜ் மளமளவென்று இறங்கும்; காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதுதான் (வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு) காரணம். டயரில் காற்று குறைந்தாலும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று பார்த்துவிடுங்கள்.

உண்மையான தலைவலி பார்க்கிங்கில் உள்ள பிளக் பாயிண்ட்தான். 750 வாட் சார்ஜர் மூன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும். ஆனால் மணிக்கணக்கில், விடாமல் இழுக்கும். பழைய பாயிண்டில் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகி, பிளக்கின் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறி அரை மணி நேரம் ஆனதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். விரல் தாங்காத சூடு என்றால் பாயிண்டை உடனே மாற்ற வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் பின்னில் பச்சை பூக்கும். இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

சரியான ஏற்பாடு இதுதான்: மீட்டரிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பாயிண்ட், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்). எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அடுத்தது எர்த். எர்த் சரியில்லை என்றால் சில சார்ஜர்கள் வேலையே செய்யாது, சார்ஜர் போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவு காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஐந்து வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு இருக்கிறது. கோடையில் எர்த் குழி காய்ந்துபோவதும் ஒரு காரணம். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிறது.

இனி பில். மாதம் 25 நாள் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 1,750 கி.மீ. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 70 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இந்த 70 எந்தக் கட்டண அடுக்கில் விழுகிறது என்பதே கேள்வி. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் போய்விடும். ஏசி ஓடும் மே, ஜூன் மாதங்களில் இது எளிதில் நடக்கும். யூனிட் ஒன்பது ரூபாய் என்றே வைத்தாலும் 630 ரூபாய்தான். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், 3,900 ரூபாய் ஆகியிருக்கும். அலுவலகத்தில் பகலில் சார்ஜ் போட வசதி இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்: பகலில் மின்கட்டமைப்பில் சூரிய மின்சாரம் அதிகம். மாலை ஏழு மணி நெருக்கடி நேரத்தில் போட்டால் அனல் மின்சாரத்தின் பங்குதான் கூடும்.

பேட்டரி என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) வகை என்றால் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள், 20-க்குக் கீழே விடாதீர்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்கு அவ்வப்போது 100 வரை ஏற்ற வேண்டும். அதன் வோல்டேஜ் பெரிதாக ஏறி இறங்காததால், முழுதாக ஏற்றாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் தப்பாகிவிடும். 18 என்று காட்டிக்கொண்டே வண்டி நின்றுபோகும். வெயிலில் ஓட்டி வந்ததும் பிளக்கைச் செருகாமல் முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

வண்டியை இரண்டு, மூன்று வாரம் அப்படியே நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் வந்தால் டிஸ்ப்ளே எரியாமல் போகலாம். பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும். பெரும்பாலும் தீர்ந்தது உள்ளே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அதை மட்டும் சார்ஜ் செய்தோ மாற்றியோ விட்டால் போதும். பிரேக்கிலும் ஒரு விஷயம்: ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பாதி வேலையைச் செய்துவிடுவதால் பிரேக் பேட் அதிகம் தேயாது, ஆனால் அதிகம் அசையாத காலிப்பர் பின் (பேடை அழுத்தும் பாகம் நகர உதவும் கம்பி) துருப்பிடித்து இறுகிவிடலாம். சர்வீஸில் பேட் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றால் சுற்றிப் போவதே நல்லது. பேட்டரிக்குப் போடும் ஐபி67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழ நிலைநீரில் அரை மணி நேரம் தாங்கும் சோதனை. அது புது வண்டியின் ரப்பர் சீலுக்குச் சரி, நாலு வருடம் வெயிலில் காய்ந்த சீலுக்கு அல்ல. தண்ணீரில் இறங்கிவிட்டால் அன்று இரவு சார்ஜ் போடாதீர்கள். சார்ஜிங் போர்ட்டின் மூடியைத் திறந்துவைத்து, உள்ளே ஈரம் காய்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.