பாதி விலையில் பிராட்ஹெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மிச்சிகனில் வில் வேட்டைக்குப் போகும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் மன்னிக்கவும். அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, சட்டத்துக்கு உட்பட்டு வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டுமே இந்தப் பதிவு.

சென்ற ஆகஸ்டில் இணையச் சந்தை ஒன்றில் ஒரு விற்பனையாளரிடம் ஆறு பிராட்ஹெட் வாங்கினேன். அம்பின் நுனியில் திருகும், கூரிய பிளேடுகள் உள்ள வேட்டைத் தலை அது. பட்டதும் பிளேடு விரியும் வகை, இரண்டு பிளேடு, எடை 100 கிரெய்ன். பல ஆண்டுகளாக நான் நம்பிப் பயன்படுத்தும் அதே நிறுவனத்தின் பெயர், அதே அட்டை, அதே நிறம். கடையில் மூன்று தலைகள் உள்ள ஒரு பெட்டிக்கு என்ன விலையோ, அதற்கு இங்கே இரண்டு பெட்டிகள் கிடைத்தன. பருவத்துக்கு முன் பழைய சரக்கைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்தது. அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன். அதே தலையை ஆறு பருவங்களாக எய்திருக்கிறேன், புதிதாக என்ன சோதிப்பது என்று விட்டுவிட்டேன். ஆகஸ்ட், செப்டம்பர் முழுவதும் பயிற்சி முனையை வைத்துத்தான் எய்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

அக்டோபர் கடைசி வாரம், லிவிங்ஸ்டன் கவுண்டியில் நண்பர் ஒருவரின் நிலத்தில், ஓக் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தேன். அன்று வழக்கத்துக்கு மாறாக வெப்பம். மாலை ஆறு மணியைத் தாண்டியதும் ஒரு பெண் மான் நாணல் ஓரமாக வந்து, 22 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. என் வில்லின் இழுவிசை 60 பவுண்டு. அந்தத் தூரத்தில் அம்பு நெஞ்சுக்கூட்டை ஊடுருவி மறுபக்கம் மண்ணில் குத்தி நிற்க வேண்டும். அதுவரை எனக்கு அப்படித்தான் நின்றிருக்கிறது. குறி தவறவில்லை. முன்னங்காலை ஒட்டிப் பின்னால் பட்டதை, அம்பின் வாலில் எரியும் சிறு விளக்கில் தெளிவாகப் பார்த்தேன். ஆனால் அம்பு உள்ளே போகவில்லை. பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அந்த மான் அதைச் சுமந்துகொண்டு நாணலுக்குள் ஓடியது. புதரில் தட்டித் தட்டி அந்த விளக்கு ஆடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அரை மணி நேரம் காத்திருந்து இறங்கினேன். என்னோடு வேட்டைக்கு வரும் திண்டுக்கல் அண்ணன் பக்கத்துப் பரணில் இருந்தார், அவரும் வந்தார். சுமார் 50 கஜம் தள்ளி அம்பு கிடந்தது. நெஞ்சில் பட்ட அம்பின் தண்டு இறகுவரை நனைந்திருக்கும். இதில் ரத்தம் ஆறு விரல்கடைக்கு மேல் இல்லை. நுரைத்த இளஞ்சிவப்பு, அதாவது நுரையீரலைத் தொட்டிருக்கிறது. ஆனால் ஒரு பிளேடு அடியோடு மடங்கிக் கொக்கி போல் வளைந்திருந்தது. மற்றொன்று விரியவே இல்லை.

“எலும்பில் பட்டிருக்குமோ அண்ணா?” என்று கேட்டேன்.

டார்ச்சை அருகில் பிடித்துப் பார்த்தார். “விலா எலும்பில் பட்டால் விலா எலும்புதான் உடைய வேண்டும், தம்பி. இது ஏன் மடங்கியது?”

இரவு பத்தரை வரை தேடினோம். நாலைந்து சொட்டுகளுக்குப் பிறகு ரத்தத் தடம் அற்றுப்போனது. மிச்சிகனில் கயிற்றில் கட்டிய நாயை வைத்து அடிபட்ட மானைத் தேட அனுமதி உண்டு. அடுத்த நாள் காலை ஒரு பெண்மணி தன் டாக்ஸ்ஹண்ட் நாயுடன் வந்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த நாய் 40 நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. மான் அறுநூறு கஜத்துக்கு அப்பால், சேற்று மேட்டில் கிடந்தது. தொடைப் பக்கத்தைக் கயோட்டிகள் (இங்குள்ள குள்ளநரி போன்ற விலங்குகள்) தின்றிருந்தன. மீதி வெப்பத்தில் கெட்டுப்போயிருந்தது. அது படுத்து எழுந்து, மறுபடி படுத்த இடங்கள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் புல் அமுங்கி, கொஞ்சம் ரத்தம் உறைந்து கிடந்தது. ஒரு நுரையீரலில் மட்டும், அதுவும் விரியாத தலை போட்ட சிறு துளையோடு, அது எத்தனை மணி நேரம் கிடந்ததோ. உரிமத்தோடு வரும், கொன்ற மானில் கட்ட வேண்டிய சீட்டான என் டேக்கை வெட்டிக் கட்டினேன். 2022 முதல் இங்கே கட்டாயமாகியுள்ளபடி 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவும் செய்தேன். ஒரு கிலோ இறைச்சிகூட வீட்டுக்கு வரவில்லை.

நான் வாங்கியது போலி. பிராட்ஹெட் எப்படிக் கொல்கிறது என்பது தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய மோசடி என்பது புரியும். துப்பாக்கிக் குண்டு போல அதிர்ச்சியால் அம்பு கொல்வதில்லை. வெட்டிக் கொல்கிறது. கூர்மையான பிளேடு ரத்தக் குழாயைச் சுத்தமாக அறுக்கும். ரத்தம் வேகமாக வெளியேறி, இரண்டு நுரையீரலும் அறுபட்ட மான் சில விநாடிகளில் விழும். மழுங்கிய பிளேடு பட்டால் குழாய் நழுவி ஒதுங்கிக்கொள்ளும். ஆக, பிராட்ஹெட்டின் முழு மதிப்பும் அதன் விளிம்பிலும் அந்த விளிம்பைத் தாங்கும் எஃகிலும் இருக்கிறது. அட்டையும் நிறமும் அதற்கு ஒன்றும் செய்யாது.

நான் வாகன உதிரிபாகங்களின் வெப்பப் பதப்படுத்தல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மீதி ஐந்து தலைகளையும் மேசையில் பரப்பினேன். அதே நாள் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து அசல் பெட்டி ஒன்றும் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன்.

முதலில் எடை. 100 கிரெய்ன் என்பது 6.48 கிராம், ஒரு சவரனைவிடக் குறைவு. அசல் மூன்றும் 100க்கு அரை கிரெய்ன் இப்படி அப்படி நின்றன. போலி ஐந்தும் 93, 96, 101, 104, 108. பருவம் முழுக்க 100 கிரெய்ன் பயிற்சி முனையில் வில்லைச் சீராக்கிவிட்டு, அம்பின் மூக்கில் எட்டு கிரெய்ன் கூட வைத்தால் தூரம் கூடக்கூடப் படும் இடம் நிச்சயம் மாறும்.

அடுத்து வெட்டு அகலம். அட்டையில் 2 அங்குலம். முழுதாக விரித்து அளந்தால் ஒன்றில் 1.8, மற்றொன்றில் 1.7. இரண்டு தலைகளில் பிளேடு உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு இருந்தது. விரலால் தள்ளினாலே பாதியில் சிக்கியது. அன்று ஒரு பிளேடு விரியாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாகக் கடினத்தன்மை. இவ்வளவு மெல்லிய தகட்டில், முனையை அழுத்திக் கடினம் அளக்கும் சாதாரண ராக்வெல் சோதனை செய்யக்கூடாது. முனை தகட்டைத் தாண்டி அடிமேசையின் கடினத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். பிளேடை ரெசினில் பதித்து, மெருகேற்றி, மிகச் சிறிய தடம் பதித்து அளக்கும் மைக்ரோ விக்கர்ஸில் பார்த்தேன். அசல் 560 சுற்றி. போலி 350 சுற்றி. ராக்வெல் கணக்கில் சொன்னால் 53க்கும் 36க்கும் உள்ள வேறுபாடு. 36இல் ஒரு போல்ட் செய்யலாம், மான் எலும்பைக் கடக்கும் பிளேடு செய்ய முடியாது. உண்மையில் அதைச் சரியாகப் பதப்படுத்தவே இல்லை.

ஆய்வகம் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் செய்து காட்டியதைச் சொல்கிறேன். எனக்கு வில் பிடிக்கக் கற்றுத்தந்தவர் அவர். அவரிடம் ரேசர்ஹெட் என்ற பழைய பிராட்ஹெட் ஒன்று இருக்கிறது. வில் தயாரிப்பாளரும் புகழ்பெற்ற வில் வேட்டைக்காரருமான பிரெட் பேர் தன் தொழிலை டெட்ராய்ட்டிலிருந்து 1947இல் மிச்சிகனிலேயே உள்ள கிரேலிங்குக்கு மாற்றிய பிறகு, 1956இல் வெளியிட்ட வகை அது. பெரியவர் அதை அரத்தால் நான்கு இழு இழுத்து, தோலில் தேய்த்து, முன்கையில் வைத்தார். முடி சத்தமில்லாமல் உதிர்ந்தது. பிறகு என் புத்தம் புதிய போலியை எடுத்து அதே இடத்துக்குச் சற்று மேலே வைத்து இழுத்தார். முடி வளைந்து கொடுத்தது. தோலில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தது. அவர் எதுவும் சொல்லாமல் அதை மேசையில் வைத்தார்.

விற்பனையாளருக்கு எல்லாப் படங்களோடும் எழுதினேன். முதல் பதில்: “தவறாக எய்ததால் சேதம்.” எய்யாத ஐந்து தலைகளின் அளவுகளை அனுப்பினேன். இரண்டாவது பதில்: பாதிப் பணம் தருகிறோம், உங்கள் விமர்சனத்தை நீக்கிவிடுங்கள். மறுத்தேன். ஒரு வாரத்தில் அந்த விற்பனைப் பக்கமே காணாமல் போனது. அதே படங்கள் வேறொரு கடைப் பெயரில் முளைத்தன. சந்தை நிறுவனமோ, பொருளைத் திருப்பித் தரும் 30 நாள் முடிந்துவிட்டது என்று கைகழுவியது. இதைக் கவனியுங்கள்: வேட்டைக்காரன் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்னால் வாங்குவான், அக்டோபரில்தான் எய்வான். அந்த இடைவெளிதான் இவர்களுக்கு வேலி. கடன் அட்டை வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றேன். அமெரிக்கச் சுங்கத் துறைக்கும் போலிப் பொருள் பற்றி இணையம் வழியாகப் புகார் கொடுத்தேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் தயவுசெய்து கொடுங்கள்.

இன்னொரு கோபமும் உண்டு. இங்கே பிராட்ஹெட்டின் மேல் 11 சதவீதக் கூட்டாட்சி வரி இருக்கிறது. 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி இந்த வரி முதலில் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும்தான் இருந்தது. 1972இல் நம் மிச்சிகனைச் சேர்ந்த அரசியல்வாதிகள் ஜான் டிங்கெல், பிலிப் ஹார்ட் ஆகியோரின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் வில் கருவிகளையும் அதில் சேர்த்தது. அந்தப் பணம் மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் போகிறது. நாம் சுடும் மானின் காட்டுக்கு நாமே கட்டும் வாடகை அது. போலி விற்பவன் அதைக் கட்டுவான் என்று யார் நம்புவது?

இப்போது நான் எப்படி வாங்குகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்குகிறேன், அல்லது நிறுவனத்திடமே நேரடியாக. வாங்கிய வாரமே எல்லாத் தலைகளையும் எடை போடுகிறேன். கிரெய்ன் காட்டும் சிறிய தராசு போதும். ஒவ்வொன்றையும் அம்பில் திருகி, முனையை உள்ளங்கையில் நிறுத்தாமல் மேசைக் கண்ணாடியில் நிறுத்திச் சுழற்றுகிறேன். பம்பரம் போல் அசையாமல் நின்றால் சரி. முனை கிறுகிறுத்தால் அந்தத் தலையோ அம்போ கோணல். விரியும் வகையானால் ஒவ்வொரு பிளேடையும் கையுறை போட்டுக்கொண்டு திறந்து மூடிப் பார்க்கிறேன். மூன்றில் ஒன்றைப் பலி கொடுக்கிறேன்: அரை அங்குல ஒட்டுப்பலகையை ஃபோம் இலக்கின் முன் நிறுத்தி 20 கஜத்தில் எய்து, பிளேடு வளைகிறதா, நடுத்தண்டு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு தலையின் விலை போகிறதே என்று எனக்கும் முன்பு தோன்றியது. மீதியைப் பயிற்சி முனையோடு கலந்து எய்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் படவில்லை என்றால் வில்லைச் சீராக்க வேண்டும். பிறகு பிளேடைத் தீட்டியோ மாற்றியோதான் காட்டுக்கு எடுத்துப் போகிறேன், ஏனென்றால் ஃபோம் கூர்மையைத் தின்றுவிடும்.

சிமென்ட் கல்லிலும் இரும்புப் பீப்பாயிலும் எய்து காட்டும் வீடியோக்களை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள். மான் பீப்பாய் இல்லை. வேட்டை அம்புகளின் ஊடுருவலை ஆராய்ந்த எட் ஆஷ்பி ஆப்பிரிக்காவில் உண்மையான விலங்குகளின் உடலில் அம்பு எய்து பல்லாண்டுகள் சேர்த்த முடிவுகளில், ஊடுருவலுக்கு முதல் தேவை அம்பும் தலையும் உடையாமல் வளையாமல் இருப்பது என்று வைத்தார். என் கையில் இருந்த கொக்கியைப் பார்த்த பிறகு அதற்கு வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

உங்கள் வில் 50 பவுண்டுக்குக் கீழே என்றால் விரியும் வகை வேண்டாம் என்பேன். விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிவிடும். நிலையான இரண்டு பிளேடுத் தலை, நன்றாகத் தீட்டியது, போதும். மிச்சிகனில் மானுக்குக் குறைந்தது 7/8 அங்குல அகலம் வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எய்யாத இரண்டு போலிகளையும், ஒரு அசலையும், அன்று மடங்கிய தலையையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன். செப்டம்பர் சனிக்கிழமைகளில் பயிற்சித் திடலுக்கு வரும்போது அது என் பையில் இருக்கும். நீங்கள் வாங்கிய தலைகளையும் எடுத்து வாருங்கள், தராசும் கொண்டு வருகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.