ஸ்டாப் பின் வைத்த ஸ்கோப் மவுண்ட்: 1,450 ரூபாய்க்கு வாங்கியதும், அதற்கு முன் வீணாக்கிய மூன்று மாதமும்

ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கிற தொலைநோக்கியை, ஏர் ரைபிள் மேல் பிடித்து வைக்கிற இந்த மவுண்டுக்குப் பெயர் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே கறுப்பு அலுமினியத்தில் மவுண்ட், கூடவே ஓர் ஆலன் கீ. கோயம்புத்தூரில் ஏர் ரைபிள் சாமான் விற்கிற கடையில் 1,450 ரூபாய் கொடுத்தேன். பெயர் தேடாதீர்கள், உருவத்தைப் பாருங்கள். முன்வளையமும் பின்வளையமும் ஒரே அடிக்கட்டையில் இருக்கும். அந்தக் கட்டையில் மேலிருந்து திருகினால் கீழே இறங்குகிற சின்னப் பின் ஒன்று (ஸ்டாப் பின்) இருக்கும். அந்தப் பின்னுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது ஸ்பிரிங் பிஸ்டன் ரகம், பேரலை மடக்கி லோடு பண்ணுவது. குழல் துளை 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குண்டின் சக்தி 20 ஜூலுக்குக் கீழே என்பதால் ஆயுத லைசென்ஸ் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் அப்பாவின் தென்னந்தோப்பில், கிணறு வெட்டிய மண்மேட்டுக்கு முன்னால் நார்க்கழிவு மூட்டை அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் 25 மீட்டரில் காகித டார்கெட் சுடுவேன். அவ்வளவுதான் என் வேட்டை. தோப்பில் மயில் நிறைய வரும். வந்தால் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்கு ஏர்கன்னும் ஒன்றுதான், பீரங்கியும் ஒன்றுதான்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. நிதானமாகச் சுட்டால் ஐந்து குண்டு விழுந்த இடத்தை ஓர் ஐந்து ரூபாய்க் காசால் மூடிவிடலாம். பொங்கல் முடிந்த வாரம் திடீரென்று அதே ஐந்து குண்டு ஓர் இட்லி அளவுக்குச் சிதறியது. அடுத்த வாரம் இட்லி அப்படியே இடப்பக்கம் நகர்ந்திருந்தது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடித்தால் கெடும், உள்ளங்கையில் சும்மா கிடக்க விட வேண்டும். அதைத் திரும்பப் பழகினேன். பிறகு பெல்லட், அதாவது ஈயக் குண்டு. புது டப்பாவைக் கொட்டி, பாவாடை மாதிரி விரிந்த பின்விளிம்பு நெளிந்ததைப் பொறுக்கிப் போட்டேன். 600 ரூபாய்க்கு வெளிநாட்டு டப்பா ஒன்றும் வாங்கினேன். இட்லி மாறவில்லை. பேரலில் ஈயம் படிந்திருக்குமோ என்று நூல் கட்டித் துணி இழுத்தேன். கறுப்பாக வந்தது, வெள்ளையாகும்வரை இழுத்தேன். அதற்குப் பிறகு இட்லி இன்னும் பெரிதானது. (சுத்தம் பண்ணிய பேரல் சில பத்துக் குண்டு போன பிறகுதான் நிலைக்கு வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

அதற்கப்புறம் ரைபிளின் பிடிக்கட்டையில் இருக்கிற ஸ்க்ரூக்கள். முன்பக்கம் இரண்டில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. இதுதான் என்று குதித்தேன். அந்த ஞாயிறு குரூப்பும், அதாவது குண்டு விழுந்த கூட்டமும், சுருங்கியது. வீட்டில் எல்லோருக்கும் கேசரி. அடுத்த ஞாயிறு பழைய கதை.

இதற்கிடையில் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். சுட்டுக்கூடப் பார்க்காமல், "ஸ்பிரிங் போச்சுங்க மேடம், 2,200 ஆகும்" என்றார். ஸ்பிரிங் களைத்தால் வேகம் குறைந்து குண்டு கீழே விழும், சரி. வாரம் ஒரு பக்கம் நகருமா? கேட்டேன். பேரலும் சந்தேகம் என்றார். நல்லவேளை, சம்பளத் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அப்பா 31 வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் ஃபிட்டர். ரைபிளை ஒருநாளும் தொட்டதில்லை, கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. மூன்றாவது மாசம் அவருக்கே பொறுக்கவில்லை.

"அந்தக் கண்ணாடியக் கழட்டிப் போட்டுச் சுடு அம்மணி."

"எதுக்குப்பா?"

"பேரல் கெட்டிருந்தா அப்பவும் செதறும். செதறலீன்னா கண்ணாடி மேலதான் கேசு."

ஸ்கோப்பைக் கழற்றி, ரைபிளோடு வந்த இரும்புக் குறியை வைத்துச் சுட்டேன். 42 வயசுக் கண்ணுக்கு 25 மீட்டரில் கறுப்பு வட்டமே மங்கல்தான். அப்படியும் பத்துக் குண்டும் 40 மி.மீ.க்குள். ஸ்கோப்போடு வந்ததில் பாதி. அதாவது பேரல் நன்றாக இருக்கிறது, ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். மூன்று மாதம் செய்யாத பரிசோதனைக்கு ஆனது பத்து நிமிஷம்.

ஸ்கோப்பைத் திரும்பப் பழைய மவுண்டிலேயே மாட்டினேன். அது ஸ்கோப்போடு இலவசமாக வந்த இரண்டு தனித்தனி வளையம். இறுக்கிவிட்டு, ஒவ்வொரு வளையத்தின் அடியிலிருந்தும், ரைபிளின் முதுகில் மவுண்ட் உட்காருகிற ரெயில் மேல் வரை மருதாணிச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்தேன். காய்ந்ததும் 20 குண்டு. முன்வளையத்துக் கோட்டில் மயிரிழை விரிசல். பின்வளையத்தில் கோடு இரண்டாகவே பிரிந்துவிட்டது. மேல்பாதி என் பக்கம் ஒரு மி.மீ. தள்ளி நிற்கிறது. ரெயிலில் அந்த ஒரு மி.மீ.க்குக் கறுப்புப் பூச்சு போய் வெள்ளி பளபளத்தது.

ஸ்பிரிங் ரைபிள் ஒரு குண்டுக்கு இரண்டு தடவை உதைக்கும். ட்ரிக்கரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய, ரைபிள் பின்னால் போகும். பிஸ்டன் முன்முனையில் காற்றில் மோதி நின்றதும் ரைபிள் வெடுக்கென்று முன்னால் பாயும். ஸ்கோப் கனமான சாமான், உடனே கூடவே ஓடாது. அதன் அடியில் ரெயில் முன்னால் நழுவ, ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் வரும். பெரிய துப்பாக்கி உதையைத் தாங்குகிற ஸ்கோப்கூடச் சில சமயம் இந்தச் சின்ன ரைபிளில் உடைவது இதனால்தான். அந்த உதை ஒரே பக்கம், இது இரண்டு பக்கம். என் விஷயத்தில் இரண்டு வளையமும் வேறு வேறு அளவு நகர்ந்ததால் குழாய் முறுக்கிக்கொண்டு ஒவ்வொரு வாரமும் ஒரு புதுத் திசையைப் பார்த்தது. நான் அதைத் துரத்திக்கொண்டு, ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை நகர்த்துகிற குமிழான டரட்டைத் திருகித் திருகி மேல் எல்லைக்கே போயிருந்தேன். அங்கே போனால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து குறுக்குக்கோடே நிலையில்லாமல் ஆடும். ஒரு வியாதிக்கு மருந்து போட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டேன்.

இன்னும் இறுக்கட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன்.

"ஆடுற மெசினுல டைட்ட நம்பி ஒண்ணும் நிக்காது கண்ணு. டோவல் பின் போட்டாத்தான் நிக்கும்."

இந்த மவுண்டில் இருப்பது அந்த டோவல் பின்தான்: இரண்டு பாகம் நழுவாமல் துளைக்குள் இறங்குகிற முளை. பெரும்பாலான ஸ்பிரிங் ரைபிள்களில் ரெயிலின் பின்கோடியில் ஒன்றிரண்டு துளை இருக்கும். எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. பின்னைக் கீழே இறக்கி அந்தத் துளைக்குள் விட்டால் மவுண்ட் பின்னால் வர முடியாது. ஸ்க்ரூக்கள் மவுண்டைப் பிடித்துக்கொண்டால் போதும், உதையை அந்த ஸ்டாப் பின் வாங்கிக்கொள்ளும்.

மாட்டுவதில் அவசரப்படக்கூடாது. ரெயிலையும் மவுண்டின் தாடையையும் ஸ்பிரிட்டில் துடைத்தேன். பழைய எண்ணெய்தான் பாதி வில்லன். பின்னைத் துளையில் இறக்கியபின், இறுக்கும் முன்பே மவுண்டை நம் பக்கம் தள்ளி, அந்த ஸ்டாப் பின் துளையின் பின்சுவரில் முட்டும்படி வைக்க வேண்டும். நடுவில் விட்டால், முட்டும்வரை நகர்ந்து அந்த மி.மீ.க்கு ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒன்றாகச் சேர்கிறபடி வைத்தது, போகும். அடி ஸ்க்ரூ மூன்றிலும், தளராமல் பிடிக்கிற நீலநிற லாக்டைட் பசை ஒவ்வொரு சொட்டு, ஒரு நாள் காய விட்டேன். வளைய ஸ்க்ரூக்களில் போடவில்லை.

வளையத்தை இறுக்குவது கார் சக்கரத்துக்கு நட்டு போடுகிற மாதிரி: எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்க இடுக்கும் ஒரே அளவாக. ஸ்கோப் வளையத்துக்குப் பொதுவாகச் சொல்கிற இறுக்கம் 15 முதல் 18 இஞ்ச் பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். அது விரல் நுனியால் ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்துத் திருகுகிற அளவுதான். அதற்குமேல் முஷ்டியைக் காட்டினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். கிளப் நண்பரிடம், இறுக்கத்தை அளந்து திருகுகிற டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் இரவல் வாங்கினேன். ஒரே வேலைக்கு அதை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. குறுக்குக்கோடு நேராக நிற்க, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தென்னையில் தொங்கவிட்டு அந்த நூலோடு ஒட்டிப் பார்த்தேன். ரைபிளுக்காக விற்கிற லெவல் எதையும் வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. கூட வந்த ஆலன் கீ வெண்ணெய். இரண்டாவது ஸ்க்ரூவிலேயே முனை உருண்டுவிட்டது. ஹார்டுவேர் கடையில் நல்லது தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வந்த ஸ்டாப் பின், என் ரெயிலின் துளையைவிட மயிரளவு தடிமன். அப்பா வைஸில் பிடித்து அரத்தால் சுற்றித் தேய்த்து, இறக்கிப் பார்த்து, மறுபடி தேய்த்து, நாலாவது தடவையில் உட்கார வைத்தார். அந்த வேலையைச் செய்யும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மில்லுக்கே திரும்பப் போன மாதிரி. இன்னொன்று: ஒரே கட்டை என்பதால் வளையங்களின் இடைவெளியை மாற்ற முடியாது. என் 3-9×40 (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) ஸ்கோப்பில் டரட் இடிக்காமல் கண்ணுக்குத் தூரம் சரியாக வந்தது, நூலிழையில்.

பிசிபி, அதாவது அழுத்திய காற்றை முன்பே நிரப்பி வைத்துச் சுடுகிற ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம். அதில் உதையே இல்லாத மாதிரிதான், இலவச வளையமே போதும். குறுக்கே வெட்டு வெட்டாக இருக்கிற பிக்காட்டினி ரெயில் என்றாலும் வேண்டாம். இது இரண்டு ஓரமும் சரிவாகக் குடைந்த 11 மி.மீ. டவ்டெயில் ரெயிலுக்கானது, மாட்டவே மாட்டாது. தவிர அந்த வெட்டே ஸ்டாப் பின் வேலையைச் செய்துவிடும். ரெயிலில் துளை இல்லாத ரைபிளுக்கு, மவுண்டுக்குப் பின்னால் தனியாகக் கடிக்க வைக்கிற ஸ்கோப் ஸ்டாப் கிடைக்கிறது. அதை நான் போட்டுப் பார்த்ததில்லை.

மாட்டியபின் டரட்டை நடுவுக்குக் கொண்டுவந்து புதிதாக ஜீரோ வைத்தேன். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 25 மீட்டரில் அது 2 மி.மீ.கூட வராது, அதனால் எண்ணிக்கொண்டு பொறுமையாகத் திருக வேண்டும். இந்த மவுண்டுக்கும் நெயில் பாலிஷ் கோடு இழுத்து வைத்தேன். ஆறு மாதம், மூன்று டப்பா பெல்லட் போயிருக்கிறது. கோடு வெயிலில் வெளிறிவிட்டது, ஆனால் உடையவில்லை. ஐந்து ரூபாய்க் காசு திரும்ப வந்துவிட்டது. காற்றடிக்கிற ஆடி மாசத்தில் மட்டும் பத்து ரூபாய்க் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது ஆலன் கீக்கும் பின்னின் தடிமனுக்கும். வீட்டில் அரம் பிடிக்கிற ஆள் இல்லாதவர்கள், ரைபிளின் துளையை அளந்து எழுதிக்கொண்டு போய், கடையிலேயே பின்னை அளந்து பார்த்து வாங்குங்கள்.