தீபாவளிக்கு முன் நாய்ப் பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நாய் வளர்க்கிற நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அக்டோபர் பிறந்துவிட்டால் வாட்ஸப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பிக்கும். "பட்டாசுப் பயமா? ஒரே வாரத்தில் தீர்வு, உத்தரவாதம்" என்று இருக்கும். அந்த ஆளிடம் நாங்கள் 2,800 ராண்ட் கொடுத்தோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பாண்டி பட்ட பாட்டை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

பாண்டி பாக்ஸர் கலப்பு. சாட்ஸ்வொர்த்தில் எங்களுடையது ஒட்டு வீடு. பக்கத்து வீட்டு வாசலில் சரம் கொளுத்தினால் நடுச்சுவர் அதிரும். இந்த ஊரில் தீபாவளியோடு வெடி முடிவதும் இல்லை. நவம்பர் 5 "கை ஃபாக்ஸ்" (Guy Fawkes) பட்டாசு இரவு, அப்புறம் கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 நள்ளிரவு என்று வருஷக் கடைசி வரை இழுக்கும். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை எட்டும். அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போன வருஷம் ஒரு வெடிக்கு மிரண்டு பாண்டி கேட்டைத் தாண்டிவிட்டான். அதனால்தான் பயிற்சியாளரைத் தேடினோம்.

வந்தவர் லோகோ போட்ட சட்டை, லேமினேட் செய்த சான்றிதழ் என்று பார்க்கப் பெரிய ஆளாகத்தான் இருந்தார். நாய்க்கு என்ன வயசு, ஏதாவது நோய் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாண்டியைக் கராஜுக்குள் விட்டுக் கதவை இழுத்து மூடினார். உள்ளே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் பட்டாசுச் சத்தத்தை முழு அளவுக்கு வைத்தார். கத்தி ஓய்ந்தால் பழகிவிடுமாம். என் மாமியார், "ஐயோ, புள்ள நடுங்குதும்மா, கதவத் தொற" என்று தவித்தார். இப்போது திறந்தால் எல்லாம் பாழாகிவிடும், தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் கூடும் என்று அந்த ஆள் எங்களை அதட்டினார். கடைசியில் என் கணவர்தான் அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். கதவின் அடிப்பக்கம் முழுக்க நகக் கீறல். முன்னங்கால் நகம் இரண்டு பிய்ந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் பாண்டியின் பயம் வெடியோடு நிற்கவில்லை. நான் தாளிக்கிறபோது கடுகு பொரிந்தால் போதும், வாலை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கராஜ் பக்கமே வரமாட்டான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. "மூலிகைதான், தீபாவளி சாயங்காலம் கொடுங்க, கம்முனு படுத்துக்கும்" என்றார். சொன்னபடியே பாண்டி கம்மென்றுதான் படுத்தான். படம் எடுத்து அனுப்பினால் அந்த ஆள் கைதட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு வேறு ஏதோ தெரிந்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து சிவப்பாக ஒரு சவ்வு ஏறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் காது மட்டும் பின்னால் மடங்கியது. நெஞ்சில் கை வைத்தால் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓட நினைத்தவன் பின்னங்கால் மடங்கி விழுந்தான். ஈறு வெளுத்துப்போயிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு அவசர கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

அந்த டாக்டர் அம்மா முதலில் கேட்டது என்ன ஜாதி நாய் என்பது. இரண்டாவது, என்ன மாத்திரை என்பது. அங்கிருந்தே அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டேன். "ஏசிபி" என்று மட்டும் பதில் வந்தது. மூலிகையாவது ஒன்றாவது! அது அசிப்ரோமசின், மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே தரவேண்டிய மருந்து. ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும், பாக்ஸர் வகை நாய்களுக்கு அதை ரொம்பப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். அதைவிட மோசம், அது உடம்பைத்தான் கட்டிப்போடும், பயத்தைக் குறைக்காது. நாய்க்குச் சத்தம் கேட்கும், பயமும் இருக்கும், ஓடி ஒளிய மட்டும் முடியாது. சில நாய்களுக்குச் சத்தம் இன்னும் கூர்மையாகப் படும். பட்டாசுப் பயத்துக்கு இதைத் தனியாகக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இதைக் கேட்டதும் என் மாமியார் அங்கேயே அழுதுவிட்டார். டிரிப் ஏற்றி விடியும்வரை வைத்திருந்துதான் பாண்டியை அனுப்பினார்கள்.

தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பதும் பொய்தானாம். பயம் நாய் வேண்டுமென்று செய்கிற குறும்பு இல்லையே, பரிசு கொடுத்தால் வளர்வதற்கு! பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொண்டால் இழுக்காமல் விடுங்கள். பதிவுசெய்த பட்டாசுச் சத்தத்தை வைத்துப் பழக்குகிற முறை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது காதில் விழுந்தும் விழாத அளவில் ஆரம்பித்து, கூடவே பிடித்த தீனி கொடுத்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போவது. நாய் மிரண்டால் உடனே குறைத்துவிட வேண்டும். அதையும் பட்டாசு வெடிக்காத மாதங்களில்தான் செய்யவேண்டும். ஒரே வாரத்தில் தீர்வு என்று ஒருவர் சொன்னாலே அவரை நம்பவேண்டாம்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் வந்த ஓர் ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வளர்க்கிறவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் உடனே ஒரு தீனி அல்லது விளையாட்டு என்று செய்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் பலன் தெரிந்தது என்றார்கள். மூலிகை, ஹோமியோபதி, வாசனை மருந்து வகையறாவுக்கு அதில் பாதிகூட இல்லை. கவரில் வருகிற மூலிகைக்குக் காசு கொட்டுவதற்குப் பதில் அரைக் கிலோ கோழியை வேகவைத்துத் துண்டு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். இருட்டுவதற்கு முன்பே நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுகிறோம். ஜன்னல் இல்லாத நடைவழியில் பாண்டியின் படுக்கை, மேலே ஒரு பழைய போர்வை, பக்கத்தில் மின்விசிறி, டிவியில் ஏதாவது ஒரு பாட்டு. வெடிக்கு ஒரு துண்டு கோழி. கழுத்துப்பட்டையில் எங்கள் எண் இருக்கிறது, மைக்ரோசிப்பும் போட்டாயிற்று. மருந்தும் உண்டு. சத்தப் பயத்துக்கென்றே ஈறில் தடவுகிற டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்லுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள், வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. பாண்டிக்கு எது, எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு நாயின் எடைக்கும் இதயத்துக்கும் பார்த்துக் கொடுத்தது இன்னொன்றைக் கொன்றுவிடலாம். பட்டாசு நாளுக்கு முன்னாலேயே ஓர் அமைதியான நாளில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஆகவே தீபாவளிக்கு முந்தின நாள் போய் நிற்காமல் இப்போதே நேரம் வாங்குங்கள்.

தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவர் என்றால் கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்கவேண்டும், 1982ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. நாய்ப் பயிற்சியாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மாத்திரை கொடுப்பதில்லை. பெயரில்லாத மாத்திரையை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கிப் போடாமல் கவரோடு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். நாங்கள் மீதி மாத்திரையையும் அந்த மெசேஜையும் வைத்துக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். அந்த ஆள் எங்களை பிளாக் செய்துவிட்டார், 2,800 ராண்டில் ஒரு காசு திரும்பவில்லை. போன வாரம் அதே விளம்பரம், அதே படம், வேறு பெயரில் ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு குழுவில் வந்திருக்கிறது. கராஜில் நாயோடு நிற்கிற படத்தில் பின்னால் தெரிகிற நீலக் கதவு எங்கள் வீட்டுக் கதவுதான். அந்தப் படம் உங்கள் குழுவில் வந்தால் இந்தப் பதிவை அதற்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.