சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை கூடைப்பந்து வகுப்பு: தாராளமாகச் சேர்க்கலாம்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பெண் பிள்ளைகளுக்காக சனிக்கிழமை காலையில் நடக்கும் கூடைப்பந்து வகுப்புக்கு என் மகள் போகிறாள். உங்கள் பிள்ளையையும் சேர்க்கலாமா என்று கேட்டால், சேருங்கள் என்றுதான் சொல்வேன். கோச்சுக்காகவே சேர்க்கலாம்.

வேறு இடங்களில் முதல் நாளே பலகையில் படம் வரைந்து, உயரமான பிள்ளையைக் கூடைக்கு அடியில் நிறுத்தி, வேகமாக ஓடுகிறவளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வைத்துவிடுவார்கள். இவர் ஆரம்பத்தில் எதையும் வரையவில்லை, பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளியில் நெட்பால் என்ற, கூடைப்பந்து மாதிரியான ஆட்டம் ஆடியவர்கள். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் கைமாற்றியாக வேண்டும், அதனால் இவர்களுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது சுமார்தான், ஆனால் பாஸ் கொடுப்பதும் காலி இடம் பார்த்து ஓடுவதும் தண்ணீர் பட்ட பாடு. ஆட்டத்தை அதிலிருந்தே கட்டினார். உயரமானவள் கூடையை விட்டுத் தள்ளி, ஃப்ரீ த்ரோ கோட்டருகே வந்து பந்தை வாங்குகிறாள், ஓரத்தில் இருப்பவள் பந்தை வாங்க வருவதுபோல் இரண்டடி முன்னால் வந்து, காவலுக்கு நிற்பவள் நெருங்கியதும் அவள் முதுகுக்குப் பின்னால் சட்டென்று கூடைக்கு ஓடுகிறாள், பாஸ் அங்கே போய்ச் சேர்கிறது.

2023இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் பட்டம் வென்ற டென்வர் அணியும் தன் உயரமான வீரர் நிகோலா யோகிச்சை இப்படிக் கூடையை விட்டுத் தள்ளி நிறுத்தி அவர் பாஸை நம்பித்தான் ஆடியது. ஆளுக்கேற்ப ஆட்டத்தை மாற்றுவதற்கு என்பிஏ கோச் மைக் டி'ஆன்டோனியைப் பாருங்கள். ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த ஸ்டீவ் நாஷ் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் அணியில் அவர் கையில் இருந்தபோது, கூடையில் எறிய 24 விநாடி இருந்தும் காத்திருக்காமல் ஓட்டமும் பிக் அண்ட் ரோலுமாக (ஒருவர் காவலரை மறித்து நின்றுவிட்டுக் கூடைக்கு ஓடுவது) ஆட வைத்தார், 2005, 2006 இரண்டு ஆண்டும் மிகமதிப்புமிக்க வீரர் விருது நாஷுக்கே. பிறகு ஹூஸ்டன் அணியில் ஜேம்ஸ் ஹார்டன் கிடைத்ததும் பந்தை அவர் கையிலேயே விட்டு, மற்றவர்களை வெளியே விரித்து நிறுத்தி, ஒண்டிக்கு ஒண்டி ஆடவிட்டார். ஆள் மாறினால் ஆட்டமும் மாற வேண்டும், இந்த கோச்சுக்கு அது புரிந்திருக்கிறது.

குறையும் உண்டு. தடுப்பாட்டத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான், அதற்குள் பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். பிப்ரவரி புழுக்கத்தில் ஹாலுக்குள் உட்காரவே முடியவில்லை, ஒரு மின்விசிறியாவது வையுங்கள். அப்புறம், சேர்ப்பதென்றால் டேர்ம் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள், ஆட்டம் அமைந்த பிறகு நடுவில் வருகிற பிள்ளைக்கு இடம் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகிறது.