பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்: போஸ்ட்கிரஸும் கரண்ட் கட்டும்

டேட்டாபேஸுக்குச் சில வருடங்களாகவே போஸ்ட்கிரஸ்தான் ஓட்டுகிறேன். புது சர்வர் எதுவானாலும், எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைத் துண்டித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு விடுவேன். பலர் கில் -9 (ஓடும் புராசஸை அந்த இடத்திலேயே கொல்லும் கட்டளை) அடித்துவிட்டு "தாங்குகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். அது வேறு சோதனை. புராசஸ் செத்தாலும் அது எழுதியதெல்லாம் லினக்ஸ் மெமரியில் வைத்திருக்கும் கேஷில் பத்திரமாக இருக்கும், கெர்னல் அப்புறம் டிஸ்க்கில் எழுதிவிடும். ரீசெட் பட்டனும் போதாது, டிஸ்க்குக்கு மின்சாரம் நிற்பதே இல்லை. பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும்.

இன்னொரு கணினியிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வரிசை எண்ணோடு ஒவ்வொரு ரோவாகப் போடும், கமிட் ஆனதாக, அதாவது நிரந்தரமாகச் சேமித்தாயிற்று என்று, பதில் வந்த பிறகே அந்த எண்ணைத் தன் பக்கம் குறித்துக்கொள்ளும். சர்வர் திரும்ப எழுந்ததும் இரண்டையும் ஒப்பிடுவேன். டேட்டாபேஸில் ஒரு எண் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பதில் வந்து சேர்வதற்குள் கரண்ட் போயிருக்கும். குறித்த எண் டேட்டாபேஸில் இல்லை என்றால்தான் ஆபத்து.

மீட்பு நடக்கும்போது, ரெக்கார்டின் நீளம் செல்லாது என்று லாகில் ஒரு வரி வரும். பார்த்தவுடன் பதறாதீர்கள், பெரும்பாலும் வால் (WAL) பதிவு, அதாவது மாற்றங்களை போஸ்ட்கிரஸ் முன்கூட்டியே எழுதிவைக்கும் லாக், அந்த இடத்தோடு முடிகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இயல்பான அமைப்புகளில் போஸ்ட்கிரஸ் என்னை ஏமாற்றியதே இல்லை. ஒரு மலிவு எஸ்எஸ்டி ஏமாற்றியது: எழுதிவிட்டேன் என்று சொன்ன கடைசி ரோக்கள் காணாமல் போயின. அதன் ரைட் கேஷை (எழுத வந்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி) அணைத்தால் சரியானது, ஆனால் வேகம் படுத்துவிட்டது. கடைசியில் மின்வெட்டுப் பாதுகாப்புக்குக் கெபாசிட்டர் உள்ள டிரைவுக்கு மாறினேன். வாங்கும் முன் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் ஓட்டிப் பாருங்கள், எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்க்கிலேயே சேர்க்கச் சொல்லும் கட்டளை) எவ்வளவு வேகம் என்று அது காட்டும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறைதான் சுற்றும், அதில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எஃப்சிங்க் காட்டினால் நடுவில் ஏதோ ஒரு கேஷ் பொய் சொல்கிறது.

சிங்க்ரனஸ்_கமிட்டை (டிஸ்க்கில் எழுதி முடியும்வரை கமிட்டைக் காக்க வைக்கும் அமைப்பு) அணைத்தால் இயல்பு அமைப்பில் அதிகபட்சம் கடைசி 600 மில்லிநொடி வரையிலான கமிட்கள் போகலாம், டேட்டாபேஸ் கெடாது. பார்வையாளர் லாகுக்கு அது போதும், பில்லுக்கு வேண்டாம். எஃப்சிங்க்கை அணைப்பது அப்படியல்ல, மொத்த டேட்டாபேஸே சிதையலாம். வேகத்துக்காக அதில் கை வைக்காதீர்கள்.

எண்கள் பொருந்தினாலும் கடைசியில் பிஜி_ஆம்செக் என்ற சோதனைக் கருவியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள், இண்டெக்ஸ் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.